வேர் எடுக்காமல் விட்ட மூலை

மூடிப்போன கல்குவாரியின் சரிவில் உண்ணிச்செடி பிடுங்குவதுதான் மூன்று வருஷமாக அவளுக்கு வேலை. நாத்தனாரும் கூடவே. குவாரிக்காரர்கள் கிழித்துப்போட்ட மண்ணில் பழைய மரங்கள் தானாக முளைக்கட்டும் என்று விட்டால், உண்ணி முந்திக்கொண்டு புதராகிவிடும். அடியில் ஒரு மரக்கன்றுகூடத் தலைதூக்க முடியாது. அதனால் மேற்பார்வையாளர் சொன்னது ஒன்றே ஒன்று: வேரோடு பிடுங்கு, தரை பளிச்சென்று தெரியணும்.

பளிச்சென்றுதான் தெரிந்தது. மழை விழுந்ததும் அதே வெற்றுத் தரையில் மறுபடி உண்ணி, முன்னைவிட அடர்த்தியாக.

போன வருஷம் அவளுக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. மேல் மூலையில் ஒரு துண்டு இடத்தை மட்டும் வேர் எடுக்காமல் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டு, முடிந்தது என்று சொல்லிவிட்டாள். பார்த்தது நாத்தனார் மட்டும்தான். அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. கால் தேறும்வரை இவள் பங்கில் பாதியைச் சேர்த்துப் பிடுங்கினாள்.

இப்போது அந்த மூலையில், வெட்டிய குச்சிகளின் அரைநிழலில், அத்தியும் இலந்தையும் கணுக்கால் உயரம் நிற்கின்றன. சரிவில் வேறெங்கும் ஒன்றுகூட இல்லை. கையால் பிடுங்கித் தீராது என்று, நாளைக்கு மண் அள்ளும் இயந்திரம் வந்து மொத்தத்தையும் சுரண்டப்போகிறது. மேற்பார்வையாளரிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றாள் நாத்தனாரிடம்.

"பேசாம இருங்க அண்ணி. பொய் சொன்னது தெரிஞ்சா வேலை போயிடும்."

"தெரியுது. ஆனா கன்னு போயிடுமேடி."

"சரி, நானும் வர்றேன். தனியா போனா பாதியிலேயே அழுதுடுவீங்க."

மேற்பார்வையாளர் முழுவதையும் கேட்டார். "ஏம்மா, சுளுக்குன்னு அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா வேற ஆள் வெச்சிருப்பீங்க சார்."

அவர் மூலைக்குப் போய் மண்டியிட்டுக் கன்றுகளை எண்ணினார். நாற்பத்தொன்று. சந்தேகம் தீராமல் இன்னொரு தரம் எண்ணினார். பிறகு போனை எடுத்து, இயந்திரம் வேண்டாம் என்றார்.

"மத்த இடத்தையும் இப்படியே அரைகுறையா வெட்டுங்க. பார்ப்போம்."

"அரைகுறை வேலைல எங்க அண்ணியை அடிச்சுக்க ஆள் கிடையாது சார்!"

அவர் சிரித்துவிட்டார். அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. திட்டாமல் குனிந்து எண்ணிப் பார்த்த மனுஷனைக் கும்பிட்டாள். நாத்தனாரின் கையைப் பிடித்திழுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஏறியிருந்த உண்ணி முட்களை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினாள்.

"மெதுவா அண்ணி. வேரோட பிடுங்கறீங்களே."