அத்தை எடுக்காமல் விட்ட எக்ஸ்ரே

எங்கள் அத்தை பெரிய ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போடுகிறவள். பதினெட்டு வருஷத்தில் ஊரில் பாதிப் பேர் கைகால் அவள் கையில் அகப்பட்டிருக்கிறது. கட்டு போட்டு முடித்ததும் எல்லோருக்கும் ஒரே அதட்டல்தான்: "வீக்கம் வடிஞ்சா கட்டு தொளதொளன்னு ஆயிடும். உள்ள எலும்பு நகந்தாலும் உங்களுக்குத் தெரியாது. அடுத்த வாரம் எக்ஸ்ரே எடுக்க வரலைன்னா வீட்டுக்கே வந்து திட்டுவேன்." இரண்டு பேர் வீட்டுக்குப் போய்த் திட்டியும் இருக்கிறாள்.

அவள் பெண்ணுக்குப் பதினோரு வயது. வாண்டு என்போம். மாடிப்படிக் கைப்பிடியில் சறுக்கி விழுந்து முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்தபோது, அத்தையே கட்டு போட்டாள். நான் அதில் மீசை வைத்த டாக்டர் ஒருவரை வரைந்து, ஒரு குட்டு வாங்கினேன். அடுத்த வார எக்ஸ்ரே மட்டும் எடுக்கவில்லை.

"நான் போட்ட கட்டுடா. உள்ள எலும்பு நகருமா?"

ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தபோது கை வளைந்திருந்தது. வாழைப்பழம் என்று கிண்டலடிக்க வாயெடுத்தவன், அத்தையின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

"உள்ளங்கையை மேல திருப்பு பாப்பா," என்றார் டாக்டர்.

பாதியில் நின்றுவிட்டது. வாண்டு தோளைச் சாய்த்து ஏமாற்றப் பார்த்தாள். டாக்டர் முழங்கையை விலாவோடு அழுத்திப் பிடித்தார். உள்ளங்கை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"வளர்ற பிள்ளை. தானா நேராயிடும்ல?" என்றாள் அத்தை.

நாலு மாதம் காத்திருந்தோம். நேராகவில்லை.

"எலும்போட நடுப்பகுதியில இவ்வளவு வளைவு இனிமே தானா சரியாகாதுக்கா," என்றார் டாக்டர். "வெட்டி, நேராக்கி, தகடு வெச்சுத் திருகணும்."

"ஒட்டின எலும்பையா வெட்டுவீங்க?" என்றேன்.

"கோணலா ஒட்டினதுதான்டா பிரச்சினையே."

அத்தை எக்ஸ்ரே படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தலைகீழாகப் பிடித்திருந்தாள். பதினெட்டு வருஷம் படம் பார்த்தவள்! திருப்பிப் பிடிக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆபரேஷன் அன்று மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் நின்றாள். டாக்டர் வெளியே வந்து, "ரெண்டு எலும்பும் நேராயிடுச்சு. கட்டு நீங்களே போடுறீங்களாக்கா?" என்றார்.

"வேற யாரையாவது போடச் சொல்லுங்க டாக்டர்," என்றாள்.

அந்த வாரம் முடிந்ததும், எக்ஸ்ரே அறைக் கதவைத் திறக்க வந்த ஆளுக்கு முன்பே வாண்டோடு போய் நின்றாள். அடுத்த வாரமும் அப்படித்தான்.

கட்டு பிரித்த நாளில் வாண்டின் உள்ளங்கை மெதுவாகத் திரும்பியது. மேலே, இன்னும் மேலே, கொஞ்சம் சாய்வாகக் கூரையைப் பார்த்து நின்றது.

"பயிற்சி செஞ்சா மிச்சமும் வரும்," என்றார் டாக்டர்.

அத்தை குனிந்து அந்த உள்ளங்கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"விடும்மா, கூசுது!" என்றாள் வாண்டு.

எனக்குத் திடீரென்று தாகம் எடுத்தது. தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.