மரத்துப்போன கால்

போன வருஷம் ஆடி மாதம். குற்றாலத்தில் சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. தென்காசியில் இருக்கும் நான், விடிந்ததும் கியர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஐந்தருவி வரை போய்வருவேன். சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, உடம்புக்கு வேலை கொடுங்கள் என்று டாக்டர் சொன்னதாக வீட்டில் சொல்லியிருந்தேன். அது பாதிதான் உண்மை. கல்யாணமான புதிதில், ஒரு சாரலுக்கு நாம் இரண்டு பேரும் சைக்கிளிலேயே அருவிக்குப் போவோம் என்று கணவர் சொல்லியிருந்தார். அவர் குவைத்தில் வேலை பார்க்கிறார். அவருக்கு லீவு கிடைக்கும்போது இங்கே வெயில் கொளுத்தும். சாரல் அடிக்கும்போது லீவு கிடைக்காது. நானாவது போகலாமே என்றுதான் மிதிக்க ஆரம்பித்தேன்.

விஷயம் தெரிந்ததும், ஊருக்கு வந்த ஒருவரிடம் எனக்கு ஷூ கொடுத்தனுப்பினார். சாம்பல் நிறம், எடையே தெரியாது. போட்டால் விரல்கள் நெருக்கின. பழகிவிடும் என்று நினைத்தேன். லேஸ் செயினில் மாட்டிவிடுமோ என்று அதையும் இறுக்கிக் கட்டுவேன். பாதி வழியில் பாதம் எரியும். பிறகு எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். அப்புறம் கால் இருப்பதே தெரியாது. சர்க்கரைதான் காலில் இறங்கிவிட்டதோ என்று உள்ளுக்குள் பயம். அவர் வீடியோ காலில் ஷூ எப்படி என்று கேட்டால் மட்டும், "சூப்பரா இருக்கு மச்சான்" என்பேன்.

அன்று ஐந்தருவி ஏற்றத்தில், எதிரே ஒரு சுற்றுலா வேன் வளைவில் திரும்பியது. ஒதுங்கி நிற்கலாம் என்று வலது காலை ஊன்றினேன். கால் தரையைத் தொட்டதா இல்லையா என்றே தெரியவில்லை. கணுக்கால் மடங்கி, சைக்கிளோடு ரோட்டுப் பக்கமாகச் சாய்ந்தேன். பிரேக் சத்தம்தான் கேட்டது. கண்ணைத் திறந்தால், கை எட்டும் தூரத்தில் வேனின் டயர் நிற்கிறது.

பின்னால் சைக்கிளில் வந்த ஒரு பெண் ஓடிவந்து என்னைத் தூக்கினாள். செங்கோட்டைக்காரி, என்னைவிடச் சின்னவள். ஓரமாக இருந்த பாலச் சுவரில் உட்காரவைத்தாள். கால் மரத்துவிட்டது, சர்க்கரையாக இருக்குமோ என்றதும், லேஸை அவிழ்த்து ஷூவை உருவினாள். விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வெளுத்திருந்தன. அவள் தேய்த்துவிட, மெல்ல மெல்ல உணர்வு வந்தது.

"யக்கா, இது ஒங்க சைஸே இல்ல. சைக்கிள் மிதிச்சா காலு கொஞ்சம் வீங்கும்லா, வெரல அசைக்க எடம் வேண்டாமா? எனக்கும் இப்படித்தான் மரத்துச்சு. லேஸத் தளத்திக் கட்டுங்க. ஏத்தத்துல அழுத்தி மிதிக்காம லேசான கியர்ல போடுங்க. நடுவுல எறங்கி ரெண்டு எட்டு நடந்துக்கிடுங்க. சர்க்கரையையும் டாக்டர்ட்ட காட்டிருங்க. மொதல்ல இந்த ஷூவ மாத்துங்க."

"எப்படிம்மா மாத்த? எங்க வீட்டுக்காரங்க குவைத்துல இருந்து ஆசையா அனுப்புனது."

"வலிக்குன்னு அவங்கட்ட சொன்னீங்களா?"

இல்லை என்று தலையசைத்தேன்.

"இன்னைக்கு வேனுக்கு அடியில போயிருந்தா, அதை அவங்கட்ட யாருக்கா சொல்லுவா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. குற்றாலம் பஸ் ஸ்டாண்ட் வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவளும் கூடவே நடந்து வந்தாள்.

சாயங்காலம் அவர் கூப்பிட்டபோது எல்லாவற்றையும் சொன்னேன். "கல்யாணத்துக்குச் செருப்பு எடுத்தோம்லா, அந்த நம்பர்தான் ஞாபகத்துல இருந்துச்சு" என்றார். இரண்டு பிள்ளை பெற்றதில் என் பாதம் அகன்றுபோனது அவருக்கு எப்படித் தெரியும்? இரண்டு பேறுகாலத்திலும் அவர் அங்கேதானே இருந்தார்.

"போனக் கொஞ்சம் கீழ காட்டு" என்றார். காட்டினேன். எங்கள் பிள்ளைகளைப் பார்ப்பதுபோல் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "இன்னும் என்னெல்லாம் மாறிருக்கு, சொல்லு" என்றார். காதோர நரை, மாடி ஏறினால் வலிக்கும் முழங்கால் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அவ்வளவு பேசியதில்லை.

டாக்டர் பார்த்துவிட்டு, காலுக்கு ஒன்றுமில்லை என்றார். தென்காசிக் கடையிலேயே அகலமான ஷூ வாங்கினேன். இப்போது கால் மரப்பதில்லை. இந்தச் சாரலுக்கும் அவருக்கு லீவு இல்லை. அருவி வரை தனியாகத்தான் போய்வருகிறேன். ஆனால் எங்கே வலித்தாலும் உடனே அவரிடம் சொல்லிவிடுகிறேன். அந்த அளவுக்காவது அவர் என் பக்கத்தில் இருக்கட்டும்.