அம்மா எனக்காக வாங்கிய ஏச்சு

எச்சிலில் ஊறிய காகித மட்டைக் குழாயின் சுவையை நான் இன்னும் மறக்கவில்லை. மூக்கை ஒரு கிளிப் இறுக்கிப் பிடித்திருக்க, குழாயைப் பற்களுக்கிடையில் வைத்து உதடுகளால் மூடிக்கொண்டு, நெஞ்சிலுள்ள காற்றையெல்லாம் ஒரே மூச்சில் ஊதித் தள்ள வேண்டும். இயந்திரத்தின் பக்கத்தில் நின்ற சிங்களத் தாதி மிஸ், இன்னும் இன்னும் ஊது என்று, "தவ, தவ, தவ!" எனக் கை தட்டிக்கொண்டிருந்தார். மட்டையின் சுவைக்கு அடியில் வேறொரு கசப்பும் என் நாக்கில் இருந்தது. அது எனக்கு மட்டுமே தெரிந்த கசப்பு.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. ஆஸ்துமாவை எங்கள் வெள்ளவத்தை வீட்டில் "முட்டு" என்போம். எனக்கு முட்டு வந்த ஒவ்வொரு நாளையும், அன்று என்ன சாப்பிட்டேன், மழை பெய்ததா, எத்தனை தரம் வாய்க்குள் மூச்சு மருந்து "பம்ப்" அடித்தேன் என்பதையெல்லாம் அம்மா ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். அந்த வருடம் பள்ளிக்கூட வலைப்பந்து அணிக்கு என்னைத் தெரிவு செய்திருந்தார்கள். ஆனால் டொக்டரின் கடிதம் இல்லாமல் சேர்க்கமாட்டோம் என்று ரீச்சர் சொல்லிவிட்டார். டொக்டர் மூச்சுப் பரிசோதனைக்கு நாள் குறித்து, ஒரு தாளும் தந்தார். காலையில் பம்ப் பாவிக்கக்கூடாது, வயிறு முட்டச் சாப்பிடக்கூடாது, இறுக்கமான உடுப்புக் கூடாது. அம்மா அந்தத் தாளைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்து, கொள்ளுப்பிட்டிக் கந்தோரில் அரைநாள் லீவும் எடுத்து, எனக்குத் தளர்வான சட்டை போட்டு, இரண்டு துண்டு பாண் மட்டும் தந்து கூட்டிக்கொண்டு போனார்.

புறப்படுவதற்குச் சற்று முன் நான் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, இரண்டு தரம் பம்ப் அடித்தேன்.

"காலமை பம்ப் பாவிச்சதா?" என்று மிஸ் உடைந்த தமிழில் கேட்டபோது, அம்மா பெருமையோடு, "இல்லை மிஸ், தாளில இருந்த மாதிரியே எல்லாம் செய்தனாங்கள்" என்றார். நானும் தலையாட்டினேன். மூன்று தரம் ஊதினேன். பிறகு மருந்து தந்து, கால் மணி நேரம் இருக்கவிட்டு, மறுபடியும் ஊதச் சொன்னார்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. மருந்துக்குப் பிறகு கூடினால்தான் முட்டு இருக்கிறது என்று அர்த்தமாம்.

டொக்டர் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். அம்மா நீட்டிய கொப்பியை இரண்டு பக்கம் புரட்டிவிட்டுத் திருப்பித் தந்தார்.

"பிள்ளைக்கு ஒண்டுமில்லை அம்மா. உங்கட பயம்தான் பிள்ளைக்கு வருத்தம். இப்பிடியே எழுதிக்கொண்டிருந்தா நீங்களே அவவை நோயாளியாக்கிப் போடுவீங்கள்."

கதவு திறந்திருந்தது, வெளியே வாங்கிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா சிரிக்க முயன்று, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ டொக்டர்" என்றார். நான் கடிதத்தை வாங்கிப் பையில் வைத்தேன். வீட்டில் அப்பாவும், "எல்லாத்தையும் பெருப்பிக்கிறதுதான் உமக்கு வேலை" என்றார். அன்றோடு அம்மா கொப்பி எழுதுவதை நிறுத்தினார். எனக்கு அன்றாட மருந்தும் நிறுத்தப்பட்டது.

இரண்டு கிழமை கழித்து, விளையாட்டுத் திடலில் பந்தைக் கையில் வைத்தபடியே மூச்சு எடுக்க முடியாமல் நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். ரீச்சர் அழைக்க, அம்மா கந்தோரிலிருந்து ஓட்டோவில் ஓடிவந்து, என்னை அதே டொக்டரிடம் கொண்டுபோனார். முகமூடி வைத்து மருந்துப் புகை பிடித்த பிறகு, டொக்டர் பழைய பரிசோதனைத் தாளை எடுத்துப் பார்த்துக் கேட்டார்: "அண்டைக்கு ரெஸ்ற்றுக்கு முதல் பம்ப் அடிச்சதோ?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"ஓம் டொக்டர். நான்தான் மறந்துபோய்க் குடுத்திட்டன்."

படித்த மனுசி, ஒரு தாளை ஒழுங்காக வாசிக்கத் தெரியாதா என்று டொக்டர் ஏசினார். அம்மா என் கையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றார். கடைசியில் டொக்டர், "மருந்தை ஒழுங்கா எடுத்தா பிள்ளை தாராளமா விளையாடலாம். நான் மாட்டனெண்டு சொல்லியிருக்கமாட்டனே" என்றார். உண்மையை ஊதியிருந்தாலே கடிதம் கிடைத்திருக்கும். அதன்பின் அணிப் பக்கம் போக எனக்கு முகமில்லாமல் போய்விட்டது. அம்மா ஒரு நாளும் என்னிடம் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன்.

அந்தக் கிளினிக் இருந்த காணியில் இப்போது தொடர்மாடிக் குடியிருப்பு ஒன்று நிற்கிறது. கொப்பி, வீடு மாறும்போது எங்கோ போய்விட்டது. எனக்கு மூச்சு முட்டியே பல வருடங்களாகின்றன. போன மாதம், பயத்தங்காய் முறித்துக்கொண்டிருந்த அம்மாவிடம், குளியலறைக் கதையை முழுதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"அது எனக்கு அண்டைக்கே விளங்கினது பிள்ளை" என்றார் அம்மா. "விளையாட உனக்கு அவ்வளவு ஆசையெண்டு எனக்குத் தெரியாமல் போச்சே. அதை நினைச்சுத்தான் நான் கனநாள் வெக்கப்பட்டனான்."

அந்த வெட்கம் எனக்கு மட்டுமே உரியது என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து நானும் காய் முறிக்கத் தொடங்கினேன்.