டியூப் லைட் பல்லியின் சண்டை

எங்கள் அடுப்படி டியூப் லைட்டுக்குப் பின்னால் ஒரு பல்லி குடியிருக்கிறது. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி பேக்கிங் வேலை முடிந்து வீடு திரும்பியதும் லைட்டைப் போட்டுவிட்டு, இஸ்திரிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலால் சுவரில் கொஞ்சம் பீய்ச்சுவேன். அது இறங்கி வந்து நக்கிக் குடிக்கும். கிண்ணத்தில் வைத்தால் திரும்பிக்கூடப் பார்க்காது. சுவரில் நிற்கும் துளிதான் அதற்குத் தண்ணீர். கரப்பான் மருந்து அடிக்க யாரையும் விடமாட்டேன். மருந்து பட்ட பூச்சியைத் தின்றால் அதுவும் போய்ச் சேர்ந்துவிடும். கேலி பேசுகிறவர்கள் பேசட்டும். ஊரெல்லாம் நாய் வளர்க்கிறது, நான் பல்லி வளர்க்கிறேன்.

அந்தச் சமயம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அக்கா வந்திருந்தாள். கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. மறுநாள் அவளை மதுரைக்குக் கூட்டிப் போய், ஊசியால் குத்தி எடுத்து டெஸ்ட் செய்ய வேண்டும். வெங்காயம் உரித்துக்கொண்டே, "இது அந்தப் பொல்லாத வியாதிதான்டி, எனக்குத் தெரியும்" என்றாள்.

"ச்சுக் ச்சுக் ச்சுக்" என்றது பல்லி.

அக்கா கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே போட்டுவிட்டாள். ஒருவர் பேசும்போது பல்லி சத்தம் கொடுத்தால் பேசியது பலிக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நல்ல பேச்சாக இருந்தால் சந்தோஷமாகத் தரையில் விரலால் தட்டிக்கொள்வோம். அவள் தட்டவில்லை.

"பொறவு எதுக்கு மதுரை? பல்லியே சொல்லிருச்சுல்ல. நான் வரல."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உள்ளுக்குள் பயம்தான். தலைபாடாக அடித்துக்கொண்டேன். அத்தான் போனில் கெஞ்சினார். அவள் நகரவில்லை. மறுநாள் மதுரைக்குப் போகவில்லை.

அன்று சாயங்காலம் லைட்டைப் போட்டதும், விளக்குமாற்றைக் கையில் பிடித்துக்கொண்டு பல்லியை முறைத்தேன். காலண்டருக்குப் பின்னாலிருந்து இன்னொரு சின்னப் பல்லி லைட்டை நோக்கி நகர்ந்தது. உடனே பெரியது வாலை ஆட்டிக்கொண்டு சத்தம் போட்டது. அட, கிறுக்குப் பயபுள்ளே! தினமும் நான் பார்க்கிற சண்டைதான். பயத்தில் எனக்கே மறந்துபோயிருந்தது.

"அக்கா, செத்த நேரம் இங்க வந்து உக்காரு" என்று இழுத்து உட்காரவைத்தேன். சின்னது மறுபடி தலையை நீட்டியது.

"இந்த ஊர்ல எனக்குப் பத்து மில்லு இருக்கு" என்றேன் சத்தமாக.

"ச்சுக் ச்சுக்."

"எங்க அத்தான் நாளைக்கு மேடையேறி டான்ஸ் ஆடப் போறாரு."

"ச்சுக் ச்சுக் ச்சுக்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஏட்டி, அவிய ஆடுனா மேடை தாங்குமா?"

"அது ஒனக்குச் சொல்லலக்கா. லைட்டுக்குப் பூச்சி வருதுல்ல, அந்த எடத்துக்குச் சண்டை. 'வராத, போ'ன்னு சின்னதை வெரட்டுது."

அக்கா அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். சின்னது வரும்போதெல்லாம் சத்தம் வந்தது. அது காலண்டருக்குப் பின்னால் ஓடியதும் நின்றது.

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான்."

முழுசாக நம்பினாளா என்று தெரியாது. "சரி, நாளைக்குப் போவோம்" என்றாள். எனக்கு அது போதும்.

டெஸ்ட் எடுத்துவிட்டு வந்து, ரிசல்ட்டுக்காக மறுபடியும் மதுரைக்குப் போனோம். டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு, "சாதாரணக் கட்டிதாம்மா, பயப்படாதீங்க. அப்பப்ப வந்து காட்டுங்க, போதும்" என்றார். அப்பாடா! நெஞ்சிலிருந்து அம்மிக்கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரி வாசலிலேயே நான் அழுதுவிட்டேன். அக்கா அழவில்லை, பசிக்கிறது என்றாள். ஹோட்டலில் தோசை மேல் தோசையாக வாங்கிச் சாப்பிட்டாள்.

திரும்புகிற பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் மெதுவாகச் சொன்னாள்: "ஏட்டி, எம்மக இருட்டுன்னா பயப்படுவா. கத்திரிக்கா தொடமாட்டா. தலை சீவும்போது இழுத்தா அழுவா, நுனியில இருந்துதான் சிக்கெடுக்கணும். இதெல்லாம் ஒன்கிட்டச் சொல்லிறணும்னு மனசுக்குள்ளயே வச்சிருந்தேன்."

நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே சொன்னாள்: "இனி நீ ஞாபகம் வச்சுக்கிட வேண்டாம். நானே பாத்துக்கிடுதேன்."