பாதியில் நிறுத்திய வால்வு

பிரெஞ்சுக்காரர் ஆட்சி நடந்த நாற்பதுகளில், வில்லியனூருக்கு மேற்கே கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே இருந்த ஒரு பம்ப் ஹவுஸில் நடந்தது இது. மோட்டார்களைப் பிரித்துப் போட்டே மின்வேலை கற்றவன் நான். தெரியாதது எதுவுமில்லை என்று திரிந்த வயசு.

ஆள் ஆழக் குழிக்குள் பெரிய தண்ணீர் வால்வு. மேலே தரையில் இரும்புத் தூண். அதன் சக்கரத்தைச் சுற்றினால் நீளத் தண்டு வழியே கீழே வால்வு திறக்கும், மூடும். பன்னிரண்டு வருடமாக அதைச் சுற்றியவர் ஒரு பெரியவர். சக்கரத்தைக் கழற்றி, அங்கே மின்மோட்டாரைப் பொருத்துவது என் வேலை. அது ஓடினால் அவருக்கு வேலை போய்விடும். இருவருக்கும் தெரியும்.

காலையிலிருந்தே அவர் சீண்டல். "இன்னா மேஸ்திரி, ஒன் மோட்டாரு கூழு குடிக்குமா?"

மோட்டாரின் மூன்று ஒயரையும் முடுக்கினேன். வேலையைப் பார்க்க பிரெஞ்சுக்காரத் துரை வரும் நேரம். முழுக்க மூடியிருந்த வால்வைப் பெரியவர் தண்டில் ஒரு கைப்பிடி போட்டுத் திறக்கத் தொடங்கினார்.

"இன்னாய்யா பண்றே? நேரமாவுது, அப்படியே வுடு."

"புது மாட்ட செவுத்தோரம் நிறுத்தி அவுக்காத. எந்தப் பக்கம் துள்ளும்னு யாரு கண்டா?"

எண்ணி இருபது சுற்று. சரியாகப் பாதி.

எரிச்சலோடு திறக்கிற பொத்தானை மட்டும் அவரிடம் காட்டிவிட்டு, தண்டைக் கவனிக்கக் குழிக்குள் இறங்கினேன்.

"அமுக்கு!"

மோட்டார் உறுமியது. தண்டு சுழன்றது. மூடுகிற பக்கம்! திறந்து முடிந்ததும் தானே நிற்க ஒரு சுவிட்ச் வைத்திருந்தேன். தலைகீழாய் ஓடும்போது அது உதவாது. "நிறுத்து! நிறுத்து!" என் கத்தல் குழிச்சுவரில் மோதி எனக்கே திரும்பியது. ஏணியோ தண்டுக்கு அந்தப் பக்கம். பத்து... பன்னிரண்டு... இருபதில் வால்வு இறுகும். மோட்டார் விடாமல் முறுக்கும். வார்ப்பிரும்புத் தூண் உடைந்து என் தலையில் இறங்கும்.

பதினெட்டில் நின்றது.

ஏறி வந்தால், எதிர்ச்சுவரில் மெயின் சுவிட்சைப் பிடித்தபடி அவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மோட்டார் உறுமலில் என் குரல் அவருக்குக் கேட்கவே இல்லையாம். தண்டு சுழன்ற பக்கத்தைப் பார்த்தே ஓடியிருக்கிறார். நிறுத்தும் பொத்தான் எதுவென்று நான்தான் சொல்லவில்லையே!

ஒயரை மாற்றி முடுக்கியதால்தான் தலைகீழாய் ஓடியது; இரண்டு ஒயரை இடம் மாற்றினேன். ஒழுங்காகத் திறந்தது.

"ஒடையட்டும்னு வுட்டிருந்தா ஒன் வேல போயிருக்காதே?" என்றேன்.

"அப்பறம் குழியிலேர்ந்து ஒன்ன அள்றது யாரு? அதுவும் என் தலையிலதான வுழும்!"

துரை வந்தார், பார்த்தார், என் கையைக் குலுக்கினார். வாசலோரம் பெரியவர், கழற்றிப் போட்ட சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். காப்பாற்றியவர் இவர்தான் என்று அவர் பக்கம் நான் விரல்கூட நீட்டவில்லை. அடுத்த வாரம் அவர் அங்கே இல்லை.

அதற்குப் பிறகு எந்த வால்வுக்கும் மின்சாரம் கொடுக்குமுன் பாதிக்குக் கையால் சுற்றி வைக்கிறேன். ஒவ்வொரு சுற்றிலும், அன்று துரையிடம் சொல்லாமல் விழுங்கிய 'இவர்தான்' என்ற ஒரே ஒரு வார்த்தை நாக்கு நுனிக்கு வருகிறது.