சேலை மூடிய கரப்பான் பெட்டி

கரப்பானைக் காசு கொடுத்து வாங்கி வளர்க்கிறவன் எங்கள் கொட்டாரம் ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பக்கத்து வீட்டு அக்கா என்னிடமே கேட்டுவிட்டாள். "வீட்டுல ஒண்ணு கண்டா நாங்க செருப்ப எடுக்கோம். நீ பெட்டியில வச்சு கேரட் சீவிக் குடுக்க. உனக்கு என்ன கேடாக்கும்?"

கேடு எனக்கில்லை, என் மனைவி விட்டுப்போன ஓந்தானுக்கு. வேலியில் தலையாட்டிக்கொண்டிருக்கிற நம்மூர் ஓந்தான் இல்லை. வெளிநாட்டு வகை, கழுத்தில் தாடி மாதிரி முள் இருக்கும். நாகர்கோவிலில் நர்ஸாக இருந்தபோது ஆசைப்பட்டு வாங்கி வந்தாள். பிறகு குவைத்தில் வேலை கிடைத்து, இரண்டு வருட ஒப்பந்தத்தில் போய்விட்டாள். பிள்ளைகள் இல்லாத வீட்டில் நானும் அதுவும் மிஞ்சினோம்.

ஃபோனை எடுத்ததும் "அது தின்னுச்சா?" என்றுதான் கேட்பாள். நான் தின்றேனா என்பதெல்லாம் அதற்கப்புறம். எனக்குப் பொறாமைதான், மறைப்பானேன். இருந்தாலும் அதைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டேன். அது உயிரோடு இருந்தால் ஒப்பந்தம் முடிந்ததும் அவள் ஊருக்கே வந்துவிடுவாள் என்று மனதில் ஒரு கிறுக்கு நம்பிக்கை. அதற்கு ஒன்று ஆகிவிட்டால் இந்த வீட்டில் அவளுக்கென்று என்ன இருக்கிறது? நான் இருக்கிறேன். நான் என்ன, எங்கே போய்விடப் போகிறேன்.

அதற்குத் தீனியாகப் பார்சலில் வரவழைத்த சில்வண்டுகள் பாதி செத்தே வந்தன. ஓந்தானின் இடுப்பெலும்பு தெரிய ஆரம்பித்தது. ஓந்தானை விற்ற கடைக்காரரிடம் போய் நின்றேன். வெளிநாட்டுக் கரப்பான் ஒரு கூட்டம் வாங்கி வீட்டிலேயே பெருக்கச் சொன்னார். அது வழுக்குகிற சுவரில் ஏறாது, பறந்து வந்து முகத்தில் விழாது, நாற்றமும் கிடையாதாம். "ஒண்ணு மட்டும் சொல்லுதேன். குட்டி போட்டுப் பெருகுத வரைக்கும் அதுல கை வைக்காதீங்க. இப்பமே எடுத்துக் குடுத்தா ஒரே வாரத்துல பெட்டி காலி." அதுவரை ஓந்தானுக்கு முருங்கையிலையும் பூசணித் துண்டும், பிழைத்து வந்த சில்வண்டுகளும்தான்.

பிளாஸ்டிக் பெட்டியின் மூடியை வெட்டி வலை ஒட்டினேன். மளிகைக் கடையில் முட்டை அட்டைகளை வாங்கி வந்து உள்ளே நெட்டுக்குத்தாக அடுக்கினேன். தவிடு போட்டேன். இனி இருட்டு வேண்டும், மேலே ஒரு துணி போர்த்த வேண்டும். வீட்டில் சாக்கு இருந்தது, கிழிந்த லுங்கி இருந்தது. நான் பீரோவைத் திறந்து அவள் சேலையை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு உடுத்துகிற வெள்ளைச் சேலை. மடிப்புக் கலைத்ததும் அவள் மணம் வந்தது. ஆராதனையில் பக்கத்தில் வந்து உட்காரும்போது வருமே, அதே மணம். அதை வெளியே எடுக்க எனக்கு ஒரு சாக்கு கிடைத்தது, அவ்வளவுதான். பெட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துப் போர்த்திவிட்டு, அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

கரப்பான்கள் ஒவ்வொன்றாக மல்லாந்தன. அந்த வாரம் முடிவதற்குள் ஒன்றும் மிஞ்சவில்லை. கேரட்டில் மருந்தடித்திருப்பார்கள் என்று காய்க்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் பாவம். கடைசியில் வீடியோ காலில் பெட்டியைக் காட்டியபோது அவள்தான் கண்டுபிடித்தாள்.

"அய்யோ, அது பீரோல இருந்த சேலையில்லா! பாச்சா உருண்டை போட்டுல்லா வச்சிருந்தேன்!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "வேற துணியே கெடைக்கலியா ஒங்களுக்கு?"

பூச்சியைக் கொல்கிற உருண்டையின் வாசனையைத்தான் இத்தனை வருடமும் என் மனைவியின் மணம் என்று நினைத்திருந்தேன். அதை எப்படிச் சொல்ல? "கைக்கு வந்தத எடுத்தேன்" என்றேன். அவள் சிரிப்பைக் கேட்டு நாளாகியிருந்தது. செத்த கரப்பான்களுக்காக நான் பெரிதாக வருத்தப்படவில்லை.

புதுப் பெட்டி, புதுக் கூட்டம். இந்த முறை லுங்கிதான் போர்த்தினேன். சாரல் பிடித்துக் குளிர்ந்ததும் பெட்டியை ஃப்ரிட்ஜுக்குப் பின்னால், அந்தச் சூட்டில் தள்ளி வைத்தேன். ஒரு காலையில் தவிட்டுக்குள் அரிசி நொய் மாதிரி ஏதோ அசைந்தது. குனிந்து பார்த்தேன். எல்லாம் குட்டிகள்.

அதன்பிறகு ஃபோனில் எனக்கு இதே பேச்சுதான். பெருகுகிறது, வளர்கிறது, இனிக் கவலையில்லை என்று தினமும் பெருமையடித்தேன். குட்டிகள் வளர்ந்து, ஓந்தானுக்கு முதல் கரப்பானைக் கொடுத்த அன்று, அது நாக்கை நீட்டிப் பிடித்ததை அவளுக்குக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இது பட்டினி கெடக்குமேன்னுதான் எனக்கு வெப்ராளமா இருந்துது. இனி பயமில்ல. நீங்க நல்லா பாத்துக்கிடுதியளே, அந்தத் தைரியத்துல நேத்து இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டேன்."

பெட்டியைத் தூக்கி முற்றத்தில் கவிழ்த்துவிடலாம் போல் ஆத்திரம் வந்தது. அவள் வந்துவிட வேண்டும் என்றுதானே இத்தனையும் செய்தேன். நான் செய்து முடித்ததால் அவள் அங்கேயே இருக்கப் போகிறாள். யாரைக் குற்றம் சொல்ல? வா என்று ஒருநாளும் நான் வாய்திறந்து கேட்டதில்லை. எனக்காக ஓந்தான் கேட்டுக்கொள்ளும் என்று இருந்துவிட்டேன்.

"ஏட்டி," என்றேன். "உன்னப் பாக்காம எனக்கு முடியல. நீ வந்திரு."

அவள் ஃபோனை முகத்திலிருந்து விலக்கிவிட்டாள். அந்த அறையின் மின்விசிறி மட்டும் தெரிந்தது. அங்கிருந்து குரல் வந்தது.

"இத முந்தாநேத்து சொல்லப்பிடாதா?"