பிக்கப் வண்டியின் பிறந்த நிறம்

எங்கள் வீட்டுப் பிக்கப் வண்டியின் நிறம் என்ன என்று கேட்டால் அந்தக் காலத்தில் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். அப்பா நீலம் என்பார். அம்மா பச்சை என்பார். இரண்டுமே சரிதான், எந்தக் கதவுக்குப் பக்கத்தில் நின்று பார்க்கிறோம் என்பதுதான் விஷயம். மாமாவின் கையில் அந்த வருடம் எந்த பெயின்ட் மிச்சமிருந்ததோ அதுதான் வண்டியின் நிறம். யார் வீட்டு கேட்டுக்கோ அடித்த பச்சை, பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு அடித்த நீலம். பின்பக்கத் தடுப்புக்கு மட்டும் எங்கிருந்தோ ஒரு ரோஸ் வந்து சேர்ந்திருந்தது. அதைப் பற்றி மாமாவிடம் கேட்கும் தைரியம் யாருக்கும் வந்ததில்லை.

மாமா என்றால் அத்தையின் கணவர். அத்தை, அப்பாவுக்கு அக்கா. இருபது வருடம் அந்த வண்டியில் கத்தரிக்காயும் கீரையும் ஏற்றிப் பூந்தமல்லிக்குப் போய்வந்த மாமா, நான் நான்காவது படிக்கும்போது ஒருநாள் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. பிள்ளை இல்லாத அத்தையை அப்பா ஒரகடம் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார். அத்தையோடு ஒரு டிரங்குப் பெட்டியும், இரண்டு கோழிகளும், டிராக்டரில் கட்டி இழுத்த அந்த வண்டியும் வந்தன. கோழிகள் அந்தப் பொங்கலைத் தாண்டவில்லை. வண்டி மட்டும் வாசல் புங்கமரத்தடியில் இரண்டு வருடம் நின்றது.

தினமும் காலையில் வாசல் பெருக்கி முடித்ததும் அத்தை வண்டியைச் சுற்றியும் பெருக்குவார். பிறகு பானட்டை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உள்ளே குனிந்து கொஞ்ச நேரம் பார்ப்பார். மூடிவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்.

"இன்னா அத்தை பாக்குற?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எலி கூடு கட்டிக்கீதான்னு பாக்கறேன் பாப்பா. ஒயரை எல்லாம் கடிச்சிடும்."

ஓடாத வண்டிக்கு ஒயர் இருந்தால் என்ன, போனால் என்ன என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அத்தை எலிக்குப் பயப்படுகிறவர்தான். ஆகவே நம்பினேன்.

இந்தச் சமயத்தில்தான் சித்தப்பாவுக்கு வண்டிமேல் கண் விழுந்தது. அவர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் புதிதாக வந்திருந்த ஒரு கார் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருந்தார். அங்கே சேர்ந்த நாளிலிருந்து வீட்டில் எதையும் அவர் சும்மா பார்த்ததில்லை. அம்மா சுடும் தோசையைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் தின்பார். கம்பெனியின் குடும்ப விழாவில் பழைய வண்டிகளை வரிசையாக நிறுத்தப் போகிறார்களாம். தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிற வண்டிக்குத்தான் இடமாம். சித்தப்பா முதலில் பெயரைக் கொடுத்துவிட்டார். அதன் பிறகுதான் அத்தையிடம் கேட்டார்.

"ஓடுமாடா?" என்றார் அத்தை.

"ஓடும்க்கா. கம்பெனிலேந்து வந்த அன்னிக்கு எப்டி இருந்துச்சோ அப்டியே பண்ணிடறேன் பாரு."

அத்தை கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். "பண்ணு. ஆனா உங்க மாமா வெச்சது எதையும் எடுத்துடாதடா."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன்."

இந்த இரண்டும் சேர்ந்து நடக்காது என்பது பத்து வயதுப் பெண்ணான எனக்குப் புரியாதது ஆச்சரியமில்லை. தோசையையே சோதித்துப் பார்க்கும் சித்தப்பாவுக்கு எப்படிப் புரியாமல் போனது என்பதுதான் ஆச்சரியம்.

வாரவிடுமுறை வந்தால் சித்தப்பா வண்டிக்கு அடியில் படுத்துவிடுவார். மூன்று சுதியில் ஊதும் ஹாரன் முதலில் கழன்றது. பிறகு கண்ணாடியில் தொங்கிய பாசிமணி. அத்தை குள்ளம் என்பதால் அவர் ஏறி உட்கார வசதியாக இடது பக்கக் கதவுக்குக் கீழே மாமா ஒரு கட்டைப் படி அடித்திருந்தார். அதுவும் போயிற்று. ஒவ்வொன்றையும் கழற்றும்போது சித்தப்பா ஒரே வாக்கியத்தைச் சொல்வார். "இது கம்பெனி அயிட்டம் இல்லக்கா." அத்தையும் ஒரே சொல்லைச் சொல்வார். "சரி." கழன்றதையெல்லாம் துடைத்து எடுத்துப்போய் டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொள்வார். ஒரு ஹாரனையும் மரத்துண்டையும் சேலைகளுக்கு நடுவே வைக்கும் ஆளை நான் அப்போதுதான் பார்த்தேன். அத்தைக்குப் பழைய சாமான் ஆசை என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இஞ்சின் உயிர் பெற்றது. இருமி, புகை கக்கி, ஒரு வழியாகச் சீராக ஓடத் தொடங்கியதும் அத்தை அடுப்பில் வைத்த பாலை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது. அத்தை நகரவே இல்லை. அந்த ஒரு நாள் அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

எல்லாம் சரியாக வந்து, நிறத்தில் வந்து முட்டி நின்றது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் நீலத்துக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே மஞ்சள், மஞ்சளுக்குக் கீழே காவி, அதற்குக் கீழே துரு. இதில் பிறந்த நிறம் எது? ஆர்.சி. புத்தகத்தைக் கரையான் எங்களுக்கு முன்பே படித்து முடித்திருந்தது. வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருந்த எண்ணிலும் பாதியைத் துரு தின்றுவிட்டது. குன்றத்தூரில், முன்பு இந்த வண்டிகளுக்கு உதிரிபாகம் விற்ற ஒரு பெரியவர் இருந்தார். அவரிடம் வண்டியைச் செய்த கம்பெனியின் பழைய புத்தகம் ஒன்று இருந்தது. "பானட்டுக்குள்ள தீப்பெட்டி சைசுக்கு ஒரு தகடு அடிச்சிருப்பான். அதுல கீற நம்பரைக் கொண்டா, கலரைச் சொல்றேன்" என்று அவர் சொல்லி அனுப்பினார்.

சித்தப்பா டார்ச் அடித்துத் தேடினார். கண்ணாடி பிடித்துத் தேடினார். அப்பாவும் தேடினார். தகடு கிடைக்கவில்லை. மாமா எந்தக் காலத்திலோ கழற்றி எறிந்திருப்பார் என்று முடிவு கட்டினார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பானட்டுக்குள் பின்சுவரின் நடுவில் ஒரு சந்தனப் பொட்டு இருந்தது. பொட்டு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அளவில் அது ஓர் அதிரசம். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் மாமா பழைய சந்தனத்தின் மேலேயே புதுச் சந்தனத்தை அப்பி, கட்டைவிரலால் அழுத்திக் குங்குமம் வைப்பார். வேறு யாரையும் வைக்க விடமாட்டார். இருபது வருடச் சந்தனம் புகையும் எண்ணெயும் குடித்துக் கல்லாகியிருந்தது. சித்தப்பா ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கும் முன் அந்தப் பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். தகடு கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டதும் அதனிடம்தான். சாமி இருக்கிற இடத்தில் சாமானைத் தேட யாருக்கும் தோன்றவில்லை.

விழாவுக்கு இரண்டு வாரம் இருந்தது. இஞ்சினை டீசல் விட்டுக் கழுவியதில் பொட்டின் ஓரம் கொஞ்சம் உதிர்ந்து, ஒரு ஆணித்தலை மினுங்கியது. சித்தப்பா ஷிப்டுக்குப் போயிருந்தார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஸ்டூல் போட்டு ஏறியபோது அதைப் பார்த்துவிட்டேன். சமையலறைக்கு ஓடிப்போய் தோசைத் திருப்பியை எடுத்து வந்தேன்.

சுரண்டுவதற்கு முன் பொட்டை உற்றுப் பார்த்தது நினைவிருக்கிறது. நடுவில் கட்டைவிரல் பதிந்த குழி. குழியில் சன்னமான ரேகைகள். குறுக்கே ஒரு கோடு. விசிறி பெல்ட்டில் மாட்டி மாமாவின் கட்டைவிரல் ஒருமுறை கிழிந்திருந்தது. அந்தத் தழும்பு அப்படியே இருந்தது. என் விரலை அதில் வைத்துப் பார்த்தேன். தொளதொளவென்று இருந்தது. பிறகு தண்ணீர் தெளித்து ஊறவைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு சுரண்டினேன். அடுக்கடுக்காகப் பெயர்ந்து விழுந்தது. அடியில், இருபது வருடம் வெயிலே படாமல், புத்தம் புதுசாக அந்தத் தகடு இருந்தது.

நான் போட்ட கூச்சலில் அப்பா வந்தார், அம்மா வந்தார், ஷிப்டு முடிந்து அப்போதுதான் சைக்கிளில் வந்து இறங்கிய சித்தப்பா சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். என்னை அப்படியே தூக்கிச் சுற்றினார். "குவாலிட்டில சேர வேண்டியது நீதான்டி!" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அத்தை கடைசியில் வந்தார். ஈரக்கையைத் துடைத்தபடி குனிந்து பார்த்தார்.

"யாரு எடுத்தது?"

"நான்தான் அத்தை! கொஞ்சங்கூட வுடல, மொத்தத்தையும் சுரண்டிட்டேன்."

அத்தை தரையில் உட்கார்ந்து, டீசல் ஈரத்தில் கிடந்த சந்தனச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டார். சிலதை எடுத்து, கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்து, ஒன்றோடு ஒன்றைப் பொருத்திப் பார்த்தார். குப்பையைப் போய்ச் சேலையில் அள்ளுகிறாரே என்று எனக்கு ஒரே சிரிப்பு.

"அத்தை, தொடப்பம் எடுத்தாரட்டா?"

"வேணாம் பாப்பா. நீ போய்க் கை கழுவு."

குன்றத்தூர்ப் பெரியவர் எண்ணைப் பார்த்துப் புத்தகத்தைப் புரட்டி, வெளிர் சாம்பல் என்றார். எங்கள் வீட்டில் ஒருவர்கூட நினைத்துப் பார்த்திராத நிறம். வண்டி சாம்பல் நிறத்தில், பாசிமணி இல்லாமல், படி இல்லாமல், அமைதியான ஒற்றை ஹாரனோடு விழாவில் நின்றது. தகட்டை எல்லோரும் பார்க்கட்டும் என்று சித்தப்பா பானட்டைத் திறந்தே வைத்திருந்தார். வருகிறவர்களிடம் அதைக் கண்டுபிடித்தது நான்தான் என்று நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அத்தையை அழைத்து வந்து வண்டிக்கு முன்னால் நிறுத்திய சித்தப்பா, "எப்டிக்கா கீது?" என்றார்.

அத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "நல்லா கீதுடா. யாரு வண்டின்னே தெர்ல."

சித்தப்பாவுக்குக் கிடைத்த பாராட்டுகளிலேயே பெரியது அதுதான். வெகுகாலம் அதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வண்டி மறுபடி புங்கமரத்தடிக்கு வந்தது. அத்தை எப்போதும்போல வாசல் பெருக்கினார், வண்டியைச் சுற்றியும் பெருக்கினார். ஆனால் பானட்டை மட்டும் அதன் பிறகு அவர் தூக்கிப் பார்க்கவே இல்லை. நானும் சில நாள் கவனித்தேன். புது பெயின்ட் வாசனைக்கு எலி வராது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.